தேவிக்கு, பையன் விஷயமாக

அன்புள்ள தேவி,

உன் கடிதம் வந்ததிலிருந்து உன் பையன் நினைப்பாகவே இருக்கிறேன். தீ விபத்து நடந்து மூன்று மாதம் ஆகியும் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான், நின்றுபோயிருந்த பழக்கம் திரும்பி ராத்திரியில் படுக்கையை நனைக்கிறான், அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே வீட்டில் எல்லோரும் "ஆறு வயசுப் பிள்ளைதானே, மறந்துடுவான்" என்கிறார்களாமே. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுச் செய்தியெல்லாம் அப்புறம்.

சின்னப் பிள்ளை என்பதால் மறந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது தேவி. 1976-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்ற ஊரில், 26 பிள்ளைகள் இருந்த பள்ளிப் பேருந்தைத் துப்பாக்கியோடு வந்த மூன்று பேர் கடத்திக்கொண்டு போய், ஒரு கல் குவாரியில் மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் பிள்ளைகளையும் ஓட்டுநரையும் அடைத்துவிட்டார்கள். பல மணி நேரம் கழித்து அவர்களே வழி தோண்டி வெளியே வந்தார்கள். எல்லோரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். லெனோர் டெர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளோடு பேசிப் பார்த்தார், நான்கைந்து வருடம் கழித்தும் போய்ப் பார்த்தார். பாதிப்பு இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அவர் கவனித்ததில் ஒன்று அவர்களுடைய விளையாட்டு. நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடுவார்கள், அதில் சந்தோஷமே இருக்காது, விளையாடி முடித்தாலும் மனசு ஆறாது. உன் பையன் பொம்மைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு "கதவு திறக்கல, கதவு திறக்கல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வாயால் சொல்லத் தெரியாததை அவன் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நீ வீணாகப் பயந்துபோவாய். இப்படிப்பட்ட அதிர்ச்சிக்கு ஆளாகும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் முதல் சில வாரங்கள் தூக்கம் கெட்டு, அம்மாவை விட்டு நகராமல், தொட்டதற்கெல்லாம் அழுது, அப்புறம் தாங்களாகவே தேறிவிடுகிறார்கள். அதனால்தான் அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மட்டுமே மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு, என்ற பெயரைச் சொல்கிறார்கள். உன் பையனுக்கு அந்த ஒரு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளிடம் இது வேறு மாதிரி வெளிப்படும் என்பதால், 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அவர்களுக்கென்றே தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது, அதே நினைப்பு வருகிறது" என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, விளையாட்டிலும் தூக்கத்திலும் நடத்தையிலும் தெரிவதே போதும். ஆகவே நீ உதவி தேட ஆரம்பித்தது சரிதான், யார் என்ன சொன்னாலும் விடாதே.

பள்ளியில் அவன் ஓரிடத்தில் உட்காருவதில்லை, சொல்வதைக் கவனிப்பதில்லை, கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த ஏ.டி.எச்.டி. என்ற குறைபாடாக இருக்குமோ என்று டீச்சர் கேட்டதாக எழுதியிருந்தாய். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அடுத்த ஆபத்து எங்கிருந்து வரும் என்று எந்நேரமும் கதவையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படிக் காதில் ஏறும்? ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை. இந்தத் தொந்தரவுகள் தீக்கு முன்பே இருந்தனவா, பிறகுதான் வந்தனவா என்று தேதியோடு எழுதி வைத்துக்கொள், யாரிடம் போனாலும் முதலில் அதைச் சொல். அப்புறம் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவை: தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடிக்கும் நாளில் முன்கூட்டியே அவனுக்குச் சொல்ல வேண்டும், அந்த நேரம் பழகிய டீச்சர் பக்கத்தில் இருக்க வேண்டும். சின்ன ஏற்பாடுதான், ஆனால் சொல்லாமல் அந்த மணி அடித்தால் இத்தனை நாள் தேறி வந்தது அப்படியே பின்னால் போய்விடக்கூடும்.

சிகிச்சை என்று வரும்போது, அதிர்ச்சியை நேராகத் தொடும் முறைகளுக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. அதில் முக்கியமானது டி.எஃப்.-சி.பி.டி., அதாவது அதிர்ச்சியை மையமாக வைத்து எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை. ஜூடித் கோஹன், ஆந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் என்ற மூவர் உருவாக்கியது, 3 முதல் 18 வயது வரை செய்யலாம், வழக்கமாக வாரம் ஒன்றாக 12 முதல் 16 செஷன் போகும். எடுத்த எடுப்பில் "என்ன நடந்தது சொல்லு" என்று கேட்க மாட்டார்கள். பயம் வந்தால் உடம்பில் என்ன ஆகிறது, மூச்சை எப்படி இழுத்து விடுவது, இந்த உணர்ச்சிக்கு என்ன பெயர் என்பதையெல்லாம் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். தண்ணீரைக் கண்டு பயப்படும் பிள்ளையைக் கணுக்கால் ஆழத்திலிருந்து பழக்குவது மாதிரி, ஒவ்வொரு வாரமும் அந்த நாளை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போவார்கள். படமாக வரையலாம், சின்னப் புத்தகமாகச் செய்யலாம், பொம்மைகளை வைத்துச் சொல்லலாம். கடைசியில் அந்தக் கதையை அம்மாவிடமோ அப்பாவிடமோ பிள்ளையே சொல்லும்.

என் மகள் விஷயத்தில் இது என்ன செய்தது என்பதை உன்னிடம் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. அப்பா இறந்துபோன அந்த கார் விபத்தில் இவள் பின் சீட்டில் இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். அவள் செய்த புத்தகத்தில் ஒரு பக்கத்தில் தாத்தா பின்னால் திரும்பிப் பார்ப்பது மாதிரி வரைந்திருந்தாள். ஏன் திரும்பினார் என்று தெரபிஸ்ட் கேட்டபோது, "நான் கூப்பிட்டேன், அதனாலதான்" என்றாளாம். அத்தனை மாதமாக, தாத்தாவைக் கொன்றது தான்தான் என்ற எண்ணத்தோடு அந்தக் குழந்தை எங்கள் நடுவே சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே வந்த வண்டிதான் தடம் மாறி வந்தது, தாத்தா அப்போது சாலையைப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும், ஆனால் அவள் மனசில் இருந்த கணக்கு எங்களுக்குத் தெரியாது. கெட்ட கனவுக்கும் வயிற்று வலிக்கும் அடியில் இருந்தது அதுதான். நடந்ததை ஒவ்வொரு பக்கமாகத் தெரபிஸ்ட் அவளோடு சேர்ந்து பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் தளர்ந்தது. சின்னப் பிள்ளைகள் எதற்கும் தங்களையே காரணமாக்கிக்கொள்வார்கள் தேவி. உன் பையனும் அன்று எதையாவது தொட்டேன், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அதனால்தான் தீ வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நீயாகத் தோண்டிக் கேட்காதே, ஆனால் சிகிச்சை தருபவரிடம் இதை ஞாபகமாகச் சொல்.

இன்னொரு முறை இ.எம்.டி.ஆர்., அதாவது கண் அசைவை வைத்து அதிர்ச்சி நினைவைத் தணிக்கும் சிகிச்சை, 1980-களின் கடைசியில் ஃபிரான்சின் ஷபைரோ கொண்டுவந்தது. நினைவை மனசில் வைத்துக்கொண்டே தெரபிஸ்ட்டின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்குப் பதில் இரண்டு கைகளிலும் மாறி மாறித் தட்டுவார்கள். பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், 2013-இல் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கும் இதையும் முதலில் சொன்ன முறையையும் பரிந்துரைத்திருக்கிறது. இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு, ஐந்து வயது வரை, தாயும் பிள்ளையும் சேர்ந்தே செஷனில் உட்காரும் முறை ஒன்று இருக்கிறது, அது ஒரு வருடம்கூடப் போகும். விளையாட்டு சிகிச்சை நல்லதுதான், ஆனால் பிள்ளை மாதக்கணக்கில் ஜாலியாக விளையாடிவிட்டு வருகிறான், தீயைப் பற்றி ஒருமுறைகூடப் பேச்சே வரவில்லை என்றால், எப்போது அந்தப் பக்கம் போவீர்கள் என்று நீ கேட்கலாம், கேட்க வேண்டும்.

மாத்திரை எழுதிக்கொடுத்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 18 வயதுக்குக் கீழே பி.டி.எஸ்.டி.க்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஏற்கெனவே ஆரம்பித்ததை நீயே நிறுத்திவிடாதே, சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எதற்காகக் கொடுத்தீர்கள், எவ்வளவு நாளைக்கு, பேச்சு சிகிச்சை எப்போது என்று எழுதிக்கொடுத்தவரிடமே கேள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறவராக இருந்தால் வேறொருவரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

உன் நாத்தனார் சொன்ன அந்த ஆளிடம் மட்டும் போகாதே. பிள்ளையை இறுக்கிப் பிடித்து, கத்திக் கத்திக் கோபமும் பயமும் வெளியே வரும்வரை விடாமல் வைத்திருப்பாராம் என்று படித்ததும் எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில், மறுபிறப்பு சிகிச்சை என்று சொல்லிப் போர்வையில் சுற்றி அமுக்கிப் பிடித்ததில் பத்து வயதுச் சிறுமி மூச்சுத் திணறி இறந்தாள். அடுத்த வருடமே அந்த மாநிலத்தில் அதைச் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். பிள்ளையின் விருப்பத்துக்கு எதிராக உடம்பைக் கட்டுப்படுத்தும் எதுவும் சிகிச்சை ஆகாது. ஏற்கெனவே தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட பிள்ளையை மறுபடி மாட்டிவைப்பதா?

முதல் சந்திப்புக்குப் போகும்போது பையனை விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் போங்கள். அதிர்ச்சிக்கு ஆளான சின்னப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாரா, எந்த முறையில் பயிற்சி எடுத்திருக்கிறார், அம்மா அப்பாவுக்கு அதில் என்ன வேலை, தேறி வருகிறான் என்பதை எதை வைத்துச் சொல்வார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள்கள் இருக்கின்றன, ஆரம்பத்தில் ஒன்று, நடுவில் ஒன்று நிரப்பினால் முன்னேற்றம் தெரிந்துவிடும். "பிள்ளையை விட்டுவிட்டு வெளியே உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது, ஏனென்றால் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் பிள்ளை அவரிடம், மீதி நேரமெல்லாம் உன்னிடம்தானே. நினைவைத் தொட ஆரம்பிக்கும் வாரங்களில் தொந்தரவு கொஞ்சம் கூடலாம். அப்போது பயந்து பாதியில் நிறுத்திவிடாதே, அவரிடம் சொல், வேகத்தைக் குறைப்பார். ஆனால் "செத்துப்போகணும்" என்ற மாதிரிப் பேச்சோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதோ வந்தால் அடுத்த செஷன் வரை காத்திருக்காதே, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போ.

வீட்டில் நடந்ததைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உன் வீட்டுக்காரர் சொல்வது பாசத்தில்தான். ஆனால் பெரியவர்களே பேசப் பயப்படும் விஷயம் என்றால் அது எவ்வளவு பெரிய ஆபத்தாக இருக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அவனாகக் கேட்டால் உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள்: தீ பிடித்தது, அணைத்தாகிவிட்டது, இப்போது எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம். கேட்காதபோது விட்டுவிடுங்கள். தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், தூங்கும் முன் ஒரு கதை, இவை தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். படுக்கை நனைந்தால் திட்டாதே, யாரையும் திட்டவிடாதே.

அப்புறம் நீ. அந்த வீட்டுக்குள் நீயும்தான் இருந்தாய் தேவி. உன் கடிதம் முழுக்க அவன் தூக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், உன் தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரத்தி பர்லிங்ஹாமும், பக்கத்தில் இருக்கும் தாய் எப்படி இருக்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் சின்னப் பிள்ளையின் பயம் கூடுவதும் குறைவதும் என்று அன்றே கவனித்திருக்கிறார்கள். உன்மேல் பாரத்தை ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. உனக்கும் சிகிச்சை தேவைப்பட்டால் அது அவனுக்குத் தரும் சிகிச்சையில் பாதி என்று எடுத்துக்கொள்.

எங்கள் வீட்டுச் செய்தி சுருக்கமாக: மகள் காலேஜில் இரண்டாம் வருடம். திடீர் பிரேக் சத்தம் கேட்டால் இன்னமும் தோள் தூக்கிப்போடும், ஆனால் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள், தாத்தாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, மற்றபடி தெம்பாக இருக்கிறாள், உன்னை அடிக்கடி விசாரிப்பாள். எனக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை நேரம் குறைகிறது. செஷனுக்கு நீங்கள் இருவரும் போகும் நாளில் சின்னவளை யாரிடம் விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். எந்தக் கிழமை என்று மட்டும் எழுது.

உன்
கமலா