சனிக்கிழமை பிக்னிக் சாப்பாடு: தயவுசெய்து எல்லாரும் படிக்கவும்

வணக்கம். டர்பன் கடற்கரைக்குப் போகும் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போலோனி (சூடாக்காமலே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சி) சாண்ட்விச் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "இன்னுமா அந்தப் பயம்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

பயம் இதுதான்: 2017, 2018இல் நம் தென்னாப்பிரிக்காவில் சாப்பாட்டு வழியாகப் பரவும் லிஸ்டீரியா என்ற கிருமியால் நோய் வந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல், இறந்தவர்கள் 200க்கும் மேல். நோய் வந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். தாய் சாப்பிட்டது வயிற்றுப் பிள்ளையைத் தாக்கியிருக்கிறது. மனசு ஆறவே இல்லை.

மூலத்தைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கானது. சாப்பிட்டு 70 நாள் கழித்தும் நோய் தலைகாட்டலாம். அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? 2018 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோவில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் சிலர் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்தப் பள்ளி ஃப்ரிட்ஜில் போலோனி இருந்தது. அந்த நூலைப் பிடித்தே, போலோனி தயாரித்த பொலொக்வானே நகரத் தொழிற்சாலை வரை போனார்கள். அங்கே கிடைத்த கிருமியின் மரபணுவும் நோயாளிகளிடம் இருந்த கிருமியோடு ஒத்துப்போனது.

இந்தக் கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும். நன்றாகச் சூடாக்கினால் சாகும். அதனால் சுடச்சுட பீன்ஸ் கறியும் ரொட்டியும் போதும். அப்புறம், கர்ப்பிணிகள் யாராவது வருவதாக இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். கறிப் பானை கொண்டுவருபவர்கள் வியாழனுக்குள் பெயர் கொடுங்கள்.