செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெற்குக் கொல்கத்தாத் தமிழர்களாகிய நம் திரைப்படச் சங்கத்தின் இந்த ஆண்டு வேலையில் பெரும்பகுதி ஒரே படத்துக்கே போயிற்று. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாயிற்று. சந்தா பாக்கியைப் பொருளாளர் தம் கணக்கறிக்கையில், பெயர் சொல்லாமல், குறிப்பிடுவார்.

படம் 'சேஷ் அங்கோ' (1963). இயக்கம் ஹரிதாஸ் பட்டாச்சார்யா. நடிப்பு உத்தம் குமார், ஷர்மிளா தாகூர், சாபித்ரி சட்டர்ஜி. மூலம் 1958இல் வந்த 'சேஸ் எ குரூக்கட் ஷேடோ' என்ற ஆங்கிலப் படம். அதில் செத்துப்போன சகோதரன் நான்தான் என்று ஒருவன் வந்து நிற்பான். வங்காளத்தில் அந்தச் சகோதரன் முதல் மனைவி ஆனான். அடுத்த ஆண்டே கதை சென்னைக்குப் போய், தாதா மிராசி இயக்கத்தில் 'புதிய பறவை' ஆனது நமக்குத் தெரிந்ததே.

மாற்றம் சின்னதாகத் தெரிந்தாலும் படத்தை நீதிமன்றக் கதையாக்கியது அதுதான். சகோதரன் வந்தால் சொத்துதான் போகும். மனைவி வந்தால் நாயகனின் இரண்டாம் கல்யாணமே நிற்கும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது செய்த மறுமணம் செல்லாது. அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. அதனால் வந்தவள் பொய்க்காரி என்று காட்ட, மனைவி செத்துவிட்டாள் என்பதை அவனே நிறுவியாக வேண்டும். எப்படிச் செத்தாள் என்ற கேள்வி அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். வங்காளப் படத்தின் முடிவை இங்கே எழுதவில்லை. வர முடியாமல் போனவர்களுக்காக இன்னொரு காட்சி உண்டு.

உரிமை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. ஆகவே 1963ஆம் ஆண்டுப் படத்தின் காலம் 2023 டிசம்பர் 31இல் முடிந்தது. ஆனால் கதை, பாட்டு எழுதியவர்களின் உரிமை வேறு கணக்கு: அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டு ஓடும். படம் விடுதலையாகிவிட்டது, இனி யாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். அதனால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியே திரையிட்டோம்.

திரையின் அடியில் வரும் தமிழ் வசன வரிகள் நம்முடையவை. அதில்தான் தடுக்கி விழுந்தோம். வரிகளுக்கு நேரம் குறித்தது நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும் பிரதியில். திரையிட வந்ததோ 25 சட்டகப் பிரதி. அது வேகமாக ஓடுவதால் ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். ஒத்திகையில் முதல் வரியை மட்டும் நகர்த்திச் சரிசெய்ததால் தொடக்கம் அழகாகப் பொருந்தியது. போகப்போக வக்கீல் கேட்டு, சாட்சி பதில் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகே கேள்வி திரையில் வந்தது. எல்லா நேரங்களையும் 0.96ஆல் பெருக்கியதும் சரியாயிற்று. இனி முதல் வரி, நடு வரி, கடைசி வரி மூன்றையும் பார்க்காமல் ஒத்திகை முடிந்தது என்று யாரும் சொல்லக் கூடாது.

எழுத்து உடைவது இன்னொரு தொல்லை. சில கருவிகள் 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியே பிரித்துப் போட்டுவிடும். எழுத்தைப் படத்திலேயே பதித்து ஒரே கோப்பாக்குவதுதான் நிச்சயமான வழி. கருப்பு வெள்ளைப் படத்தில், அதுவும் வேட்டியும் வெள்ளைப் புடவையுமாக நிறைந்த காட்சியில், வெள்ளை எழுத்து காணாமல் போகும். கருப்பு விளிம்பிட்ட மஞ்சள் எழுத்தே நின்றது. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். குறுக்கு விசாரணையில் ஆட்கள் படபடவென்று பேசுவார்கள்; சொல்லுக்குச் சொல் எழுதினால் பார்ப்பவர் முகங்களைப் பார்க்கவே முடியாது. பழைய படச் சட்டகத்தின் அகலமும் உயரமும் 1.37க்கு 1, திரை முழுக்க நிரப்ப இழுத்தால் உத்தம் குமார் குண்டாகிவிடுவார். இரு பக்கமும் கருப்பாக விடுங்கள், யாரும் புகார் செய்யமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்ட சொல் 'ஆஸாமி'. வங்காளத்தில் அது குற்றம் சாட்டப்பட்டவர். நம் ஆசாமி வெறும் ஆள். முதல் வரைவில் அப்படியே விட்டிருந்ததால் படிக்கவே வேடிக்கையாக இருந்தது. 'ஜேரா' குறுக்கு விசாரணை, 'தர்மாவதார்' நம் கனம் நீதிபதி அவர்களே. தலைப்பைத்தான் தொடவில்லை. 'அங்கோ' நாடகத்தின் அங்கமும் ஆகும், பள்ளிக்கூடக் கணக்கும் ஆகும். 'கடைசிக் காட்சி' என்றால் கணக்கு போய்விடுகிறது.

கலந்துரையாடலில் பேச்சு இயல்பாகவே 'புதிய பறவை'க்குத் தாவியது. முடிவில் நாயகன் கோபால் உண்மையைக் கொட்டுவது காதலி லதாவிடம், அவளோ போலீஸ். அன்றைய சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவுப்படி போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது. அதிகாரி சீருடையில் இருந்தாரா, காதலிப்பதாக நடித்தாரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஏமாற்றி வாங்கிய வாக்குமூலம் அதனால் மட்டும் செல்லாமல் போகாது என்று 29ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அது 25ஐத் தாண்டி வந்த வாக்குமூலத்துக்கு மட்டுமே. முறைப்படி மாஜிஸ்டிரேட் முன் கொண்டுபோய், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164இன் கீழ் பதிந்திருக்க வேண்டும். அங்கே போனதும் கோபால் வாய் திறக்க மறுத்திருந்தால் வழக்கு ஆட்டம் கண்டிருக்கும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் இதே தடை 23ஆம் பிரிவில் இருக்கிறது.

'புதிய பறவை' 1964ஆம் ஆண்டுப் படம். மேற்சொன்ன கணக்குப்படி அதன் 60 ஆண்டும் 2024 டிசம்பரோடு முடிந்தது. எழுத்து, பாட்டு உரிமைகளுக்கு அனுமதி கிடைத்தால் வரும் ஆண்டில் இரண்டையும் ஒரே நாளில், வங்காளப் படத்தை முதலில் வைத்து, காட்டலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. தமிழ்ப் படத்துக்கு வங்காள வரிகள் வேண்டும். இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டம் கலையும் முன் பெயர் கொடுங்கள்.

செயலாளர்