ரிகாவில் விழுந்த ஒரு கோல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. ஒரு மாதத்துக்காவது அடுப்படிப் பக்கம் விடாதே. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் தெரிகிறது.

சரி, நீ எழுதியதற்கு வருகிறேன். "கால்பந்து உலகக் கோப்பைக்கே 48 அணி என்று ஆக்கிவிட்டார்கள், இனிமேல் தகுதிச்சுற்றை எவன் உட்கார்ந்து பார்ப்பான்" என்று கேட்டிருந்தாய். மற்ற எதில் வேண்டுமானாலும் உன் பேச்சைக் கேட்டுக்கொள்கிறேன், இதில் முடியாது. 2016-ல் பிரான்ஸில் நடந்த யூரோவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பைக்கு, 16 அணியை 24 ஆக்கியபோதும் இதே பேச்சுத்தான் இருந்தது. பெரிய அணியெல்லாம் தூங்கிக்கொண்டே உள்ளே போய்விடும் என்றார்கள். அந்தத் தகுதிச்சுற்றின் 'ஏ' பிரிவை நினைத்துப் பார்.

நெதர்லாந்து, செக் குடியரசு, துருக்கி, ஐஸ்லாந்து, லாட்வியா, கஜகஸ்தான். ஆறு அணி, ஆளுக்குப் பத்து ஆட்டம். நெதர்லாந்து அப்போதுதான் பிரேசிலில் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்துவிட்டு வந்திருந்தது. ஐஸ்லாந்தோ அப்போது மூன்றே கால் லட்சம் சொச்சம் ஜனங்கள் இருந்த தீவு. நம் பக்கத்து ஒரு தாலுகாவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். குளிர்காலத்தில் வெளியே பந்தைத் தொட முடியாத ஊர் அது. அதனால் பெரிய பெரிய உள்ளரங்க மைதானங்களைக் கட்டி, பொடியன்களுக்குக்கூட முறையாகப் படித்த பயிற்சியாளர்களைப் போட்டு, வருஷக்கணக்கில் உழைத்தார்கள். அணியின் பயிற்சியாளர் இரண்டு பேர். ஒருவர் சுவீடன்காரர் லார்ஸ் லாகர்பெக், இன்னொருவர் ஹெய்மிர் ஹல்கிரிம்சன். ஹெய்மிர் தொழிலால் பல் டாக்டர். சொந்த ஊரில் ஆட்டம் இருந்தால், அன்றைக்கு ரசிகர்கள் கூடும் இடத்துக்கே போய் யார் யார் இறங்கப் போகிறார்கள் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். ஒரு வார்த்தை வெளியே கசியாதாம். எனக்கு அதை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

2014 அக்டோபரில் தங்கள் தலைநகர் ரெய்க்யவிக்கில் நெதர்லாந்தை 2-0 என்று ஜெயித்தார்கள். பத்தாயிரம் பேர்கூட உட்கார முடியாத மைதானம் அது. இரண்டு கோலும் கில்ஃபி சிகுர்ட்சன். சொந்த ஊர், குளிர், காற்று என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். மறு வருஷம் செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமுக்கே போய் 1-0. அன்றைக்கு நெதர்லாந்தின் நட்சத்திரம் ரோபன் காயம்பட்டு வெளியேறிய சற்று நேரத்திலேயே, அதே அணியின் மார்ட்டின்ஸ் இண்டிக்குச் சிவப்பு அட்டை. இடைவேளை முடிந்து வந்ததும் பெனால்டி, மறுபடியும் கில்ஃபி. மூன்றே நாளில் கஜகஸ்தானுடன் கோலில்லாமல் டிரா செய்து, முதல் முறையாக ஒரு பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். ஒரே ஒரு ஆட்டமென்றால் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடவையும் தோற்றால் என்ன சொல்வது? இதற்காகத்தான் எனக்குப் பிரிவு ஆட்டங்கள் பிடிக்கும்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது ஐஸ்லாந்து கதை இல்லை. கடைசி நாள் கதை.

2015 அக்டோபர் 13. மூன்று ஆட்டமும் ஒரே நேரத்தில். நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, டிவியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த நெதர்லாந்து-செக் ஆட்டம், கையில் போனில் மற்ற இரண்டு ஆட்டத்தின் ஸ்கோர். நெதர்லாந்து ஜெயிக்க வேண்டும், துருக்கி தோற்கவும் வேண்டும். அப்போதுதான் பிளே-ஆஃப், அதாவது மீதி இடங்களுக்காக ஆடும் கூடுதல் ஆட்டத்துக்கு, வாய்ப்பாவது கிடைக்கும். செக் அணியோ ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட அணி, இடைவேளைக்கு முன்பே அவர்களில் ஒருவர் சிவப்பு அட்டையும் வாங்கிவிட்டார். அப்படியும் நெதர்லாந்து 2-3 என்று தோற்றது. 66-வது நிமிஷத்தில் நெதர்லாந்தின் வான் பெர்ஸி தலையால் முட்டிய பந்து சொந்த வலைக்குள்ளேயே போய் விழுந்தது. எத்தனை கோல் அடித்த தலை அது! கொஞ்ச நேரத்தில் அவரே எதிர் வலையிலும் ஒன்று போட்டார். இருந்தும் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பத்து ஆட்டத்தில் 13 புள்ளி, நான்காம் இடம்.

அதே நேரம் தன் நாட்டுக் கோன்யா நகரில் துருக்கியும் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. 89-வது நிமிஷத்தில் செல்சுக் இனான் ஒரு ஃப்ரீகிக்கை வளைத்து வலைக்குள் போட்டார். ஐஸ்லாந்துக்கு எதிராக 1-0. மூன்றாம் இடம் உறுதி. அது மட்டும் போதாது, மாப்பிள்ளை. ஒன்பது பிரிவிலும் மூன்றாவதாக வந்தவர்களில் சிறந்த ஒருவருக்குத்தான் நேரடி இடம், மற்ற எட்டுப் பேரும் பிளே-ஆஃப் ஆட வேண்டும். ஒரு பிரிவில் மட்டும் ஐந்தே அணி இருந்ததால், இந்தக் கணக்கைப் போடும்போது ஆறாம் இடத்து அணியோடு ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிடுவார்கள். துருக்கி கஜகஸ்தானை இரண்டு தடவையும் ஜெயித்திருந்தது. லாட்வியாவோடு இரண்டுமே டிரா. கஜகஸ்தான் கடைசியில் நின்றால் 18 புள்ளியில் 6 போய்விடும். லாட்வியா கடைசியில் நின்றால் 2 மட்டும்தான் போகும்.

லாட்வியாவின் தலைநகர் ரிகாவில் ஆடிக்கொண்டிருந்தது அந்த இரண்டு அணியும்தான். அதுவரை இரண்டுமே ஓர் ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. உலகத்தில் யாரும் கவனிக்காத ஆட்டம். 65-வது நிமிஷத்தில் குவாட் என்ற கஜகஸ்தான் வீரர் ஒரு கோல் போட்டார். 1-0, அவ்வளவுதான். இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஐந்து புள்ளி, லாட்வியா கடைசி. அந்த ஒரு கோலில் துருக்கி நேராகப் பிரான்ஸுக்குப் போனது. குவாட்டுக்கு அதனால் லாபம் ஒன்றுமில்லை, கஜகஸ்தான் எப்போதோ வெளியே போய்விட்ட அணி. ஆனாலும் கடைசி ஆட்டத்தை ஆட்டமாக நினைத்து ஆடினார்கள் பார், அதைத்தான் அன்று ராத்திரி வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் மாவட்ட லீக் ஞாபகம் இருக்கிறதா? நாம் மேலே போக வேண்டுமென்றால், கடைசி இடத்து ரயில்வே காலனிப் பையன்கள் தோற்காமல் இருக்க வேண்டும் என்று ஆகிப்போனது. ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் போய், பனைமரத்தடியில் நின்று பார்த்தோம். வெறுங்காலோடு ஆடிய அந்தக் கோல்கீப்பர், முட்டியில் ரத்தம் ஒழுக ஒழுக, கடைசி நிமிஷத்தில் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டான். அவன் பேர்கூட நமக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் நீ ஓடிப்போய் அவனுக்கு கோலி சோடா வாங்கிக் கொடுத்தாய், கையில் இருந்தது அந்தக் காசுதான். திரும்பும்போது டயர் பஞ்சராகி ஆறு மைல் தள்ளிக்கொண்டே வந்தோம்.

பேத்தி இந்த வருஷம் பள்ளி அணியில் இடது பின்காவல் ஆடுகிறாள். அவர்கள் குழுவில் நான்கு பள்ளி, முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது டிரா. சனிக்கிழமை மூன்றாவது. இப்போதே நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள், யார் யாரை எத்தனை கோலில் ஜெயிக்க வேண்டும் என்று. முடிவு என்னவென்று ராத்திரியே போன் பண்ணுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை