ஊஞ்சல் கொளுக்கி

மச்சான்,

ஆறு மாதமாக உன் குரல்பதிவுகளுக்குக் கட்டைவிரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன், திட்டாதே. வீட்டில் எல்லாரும் சுகம். வயல் வெட்டியாயிற்று. கட்டையன் இன்னும் கட்டையன்தான்.

விசயத்துக்கு வருகிறேன். சின்னவன் பூங்கா ஊஞ்சலில் இருந்து விழுந்து நாடியில் நாலு தையல். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், பயப்படாதே. அறுந்த கொளுக்கியைக் கழற்றிவந்து மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வெளியே பச்சைப் பெயின்ற் பளபளக்கிறது. உள்ளே கறள் தின்று பென்சில் கூர் அளவுக்கு ஒடுங்கிப் போய்க் கிடக்கிறது. அந்தப் பூங்கா கண்டது இரண்டே மாரி.

பிரதேச சபையில் உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் செயலாளர் மட்டும் இருந்த காலத்து வேலை அது. மூன்று விலைமனு வந்தது, குறைந்தவனுக்குக் கொடுத்தார்கள். அதில் பிழை பிடிக்க முடியாது. கேட்டதெல்லாம் இருக்கிற மனுக்களில் விலை குறைந்தது எதுவோ அதற்குத்தான் என்பது அரசு சாமான் வாங்குவதற்கு அப்போதிருந்த 2006 பெறுகை வழிகாட்டி. ஆனால் கேட்டது என்ன? 'இரும்பு ஊஞ்சல், பெயின்ற் பூசியது, 2'. அவ்வளவுதான் மச்சான். கம்பி என்ன தடிப்பு, கறள் பிடிக்காமல் கல்வனைஸ் பண்ணியதா, வருடத்துக்கு ஒருக்கால் யார் வந்து பார்ப்பது, ஒன்றும் இல்லை. கேட்காததைக் கொந்தராத்துக்காரன் ஏன் தரப்போகிறான்?

உங்கள் இங்கிலாந்தில் 2025 பெப்ரவரி 24 புது அரச கொள்வனவுச் சட்டம் வந்தபோது, 'பொருளாதார ரீதியில் மிக அனுகூலமான மனு' என்பதில் 'பொருளாதார ரீதியில்' என்பதைத் தூக்கிவிட்டார்கள், இனி விலை மட்டும் கணக்கில்லை என்று அரை மணி நேரம் போனில் விளக்கினாய். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லையா என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வேலை திருப்தி என்று கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரின் கையெழுத்தும் வாங்கினார்கள். அந்தத் தலைவர் யார் என்று உனக்குத் தெரியும். திறப்பு விழாவன்று காலை, பந்தல் போட்டு மைக்கும் கட்டியாயிற்று, கடுதாசியை நீட்டினார்கள். ஊஞ்சலை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

நகரப் பயணங்களில் பாதியை 2030க்குள் நடையாகவும் சைக்கிளாகவும் ஆக்க உங்கள் அரசு 2022இல் தனி நிறுவனமே தொடங்கியது என்று பெருமையடித்தாயே, பள்ளிக்கூடம் விடும் நேரம் எங்கள் ஏ9 நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து நின்று பார். எங்கள் பிள்ளைகள் எப்போதோ அந்தப் பாதியைத் தாண்டிவிட்டார்கள். பஸ் முழங்கையை உரசிக்கொண்டு போகும், அது வேறு கதை. சைக்கிள் பாதைக்கு ஒரு சதம் எங்கள் சபை வரவு செலவில் நான் கண்டதில்லை.

சரி, ஒரு உதவி. உங்கள் சபை பூங்காச் சாமான் வாங்கும்போது எழுதுகிற விவரக்குறிப்பு ஒன்றை அனுப்பு. ஈஎன் 1176 என்று விளையாட்டுச் சாமானுக்கு ஏதோ பாதுகாப்புத் தரம் சொன்னாய், அதையும் சேர்த்து. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு வந்த தவிசாளர் இரண்டாவது பூங்காவுக்குக் விலைமனு கோரப் போகிறார். அந்த வருடச் சனவரியில் இருந்து நமக்கும் புதுப் பெறுகை வழிகாட்டிதான், ஆனால் எழுதுகிற கை பழைய கை. அடுத்த கூட்டத்துக்குக் கொளுக்கியைக் கொண்டுபோகிறேன். கையெழுத்துப் போட்டது நான் என்றும் அங்கே சொல்லுவேன். அதற்கு முதல் இவளிடம்.

பத்தாம் திகதி கூட்டம். பிந்தாதே.

உன்
தடியன்

பி.கு: உன் பழைய லுமாலா சைக்கிளை மருமகன்தான் ஓட்டுகிறான். பிரேக் இன்னும் இல்லை.