முதலைக்கு ஒரு நேரம், பறவைக்கு ஒரு நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் சுற்றுலாப் பக்கங்களில் ஈரநிலங்களும் காட்டுயிர்ச் சரணாலயங்களும் வந்துவிடுகின்றன. போகும் வழி, தங்கும் இடம் எல்லாம் இருக்கும். எத்தனை மணிக்கு, எந்தக் கரையில், நீர் எவ்வளவு இருக்கும்போது போய் நிற்பது என்பது மட்டும் இருக்காது. உச்சி வெயிலில் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெருகியதற்கு அதுவே காரணம்.

பறவையையும் முதலையையும் ஒரே வேளையில் தேடுவதுதான் முதல் பிழை. நீர்ப்பறவைகள் பலவும் விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரம் மும்முரமாக இரை தேடும். முதலைக்கு அந்த வேளை ஆகாது. உடல் சூட்டுக்கு வெயிலை நம்பியிருக்கும் பிராணி அது. குளிர் மாதங்களில் விடியற்காலைக் காற்றைவிட நீர் வெதுவெதுப்பாக இருப்பதால் உள்ளேயே கிடந்து, வெயில் நன்றாக ஏறிய பிறகே கரைக்கு வரும். கோடையில் இது தலைகீழாகும். வெயில் சுடத் தொடங்கியதும் நீரில் இறங்கிவிடும்.

கரையில் வாய் பிளந்து கிடக்கும் முதலையின் படத்துக்கு 'இரைக்குக் காத்திருக்கிறது' என்று குறிப்பு எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் தலைச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. உண்மையிலேயே இரைக்குக் காத்திருக்கும் முதலையின் மூக்கும் கண்ணும் மட்டும்தான் நீருக்கு மேலே தெரியும். மிதப்பது கட்டையா முதலையா என்ற ஐயம் வந்தால் நீரோட்டத்தைக் கவனிக்கலாம். கட்டை ஓட்டத்தோடு போய்விடும். ஓட்டத்துக்கு எதிராக ஒரே இடத்தில் நிற்பது கட்டையாக இருக்காது.

கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் கடிகாரத்தைவிட ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, முக்கியம். நீர் வற்றியிருக்கும்போது உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் சேற்றுவெளியின் மறுகோடியில் புள்ளிகளாகத் தெரியும். ஏற்றத்தின் உச்சிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே போய் அமர்ந்தால், ஏறும் நீரே அவற்றை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். உவர்நீர் முதலைக்கோ வற்றம்தான் வேண்டும். அப்போதுதான் சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டு அது வெயில் காய ஏறும். நாளுக்கு இருமுறை ஏற்றம் வரும் கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம் போல இருக்கும். உள்ளானையும் முதலையையும் ஒரே படகுச் சவாரியில் காட்டுவதாகச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏரி, குளங்களில் வெளிச்சத்தின் திசை முக்கியம். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்க் கரையில் நிற்பவருக்கு எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். நீர் நிரம்பி வழியும் குளத்தில் வாத்தும் முக்குளிப்பானும் இருக்கும். உள்ளான் இருக்காது, அதற்குச் சில சென்டிமீட்டர் ஆழமே போதும். நீர் வற்ற வற்ற நாரைகள் கூடும், முதலைகளும் மிச்சமிருக்கும் மடுக்களில் நெருங்கிக் கிடக்கும்.

பைனாகுலர் 8x42 போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கினால் படகில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பலர் செய்யாமல் விடுவது ஒன்று உண்டு: வலப்பக்க முன்கண்ணாடியை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும்; பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். இதைச் செய்யாததால் தலைவலி வந்து, பைனாகுலர் மட்டம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கண்ணாடி அணிபவர்கள் கண்பக்க ரப்பரை உள்ளே தாழ்த்திவிட்டுப் பார்த்தால்தான் முழுக் காட்சியும் கிடைக்கும்.

கூடமைத்த மரங்களுக்குக் கிட்டே போகாதீர்கள். தாய்ப் பறவை எழுந்துவிட்டால் சில நிமிட வெயிலே குஞ்சுக்கு ஆபத்து; காகம் முட்டைக்குக் காத்திருக்கும். பறவைகள் தலையை உயர்த்தி நம்மைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். நகரத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள். அந்த மரங்களுக்கு அடியில் முதலைகள் சேர்வதும் உண்டு. மூக்கின் மேல் சுள்ளிகளைத் தாங்கி அவை அசையாமல் கிடப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. கூடு கட்டச் சுள்ளி தேடும் கொக்குக்கு வைத்த பொறி என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் அது நாம் போய் நிற்கும் இடமல்ல.

வட ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைப் பகுதிகளில் நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். கரைச் சேற்றில் வயிறு வழுக்கிய அகலத் தடமும் நடுவே வால் இழுத்த கோடும் தெரிந்தால் அங்கே உட்காரக் கூடாது. மீன் கழுவுவது, ஒரே துறையில் தினமும் இறங்குவது, படகுக்கு வெளியே கை தொங்கவிடுவது மூன்றும் ஆபத்து. துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்பது வெறும் கதை. நீரைவிட்டு நேராக விலகி ஓடுவதே சரி. நிலத்தில் முதலையால் நெடுந்தூரம் ஓட முடியாது. படகில் போனால் தொலைவிலேயே எஞ்சினை நிறுத்தி மிதந்து போகலாம். வெயில் காய்ந்த முதலை சட்டென நீரில் சரிந்தால் அது நாம் கெடுத்த வெயில் குளியல்.

சுற்றுலாப் பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் கீழே மூன்று வரி சேர்க்க வேண்டுகிறோம்: நீர் இருக்கும் மாதங்கள், காலையில் நிற்க வேண்டிய கரை, கடலோரமானால் அந்த வார ஏற்ற நேரம். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், சனிக்கிழமை நேரத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களுக்காக இரண்டு நாளுக்கும் தனித்தனியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகர்கள்