ஸ்டோலில் யார் எங்கே நிற்பது

அன்பு மகள்,

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, காயப்போட்ட நெத்தலி ஒரே பகலில் மொறுமொறு. அதை விடு. கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்துக் கண்காட்சியில் நம் கருவாட்டு ஸ்டோலில் மூன்று நாளும் "எல்லாரும் எல்லா வேலையையும் பார்ப்போம் அம்மா" என்று நேற்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

நானும் அப்படித்தான் யாழ்ப்பாணம் முற்றவெளிக் கண்காட்சிக்குப் போனேன். ஹொரவப்பொத்தானை, வவுனியா என்று வான் வண்டியில் குலுங்கிப் போய் இறங்கி, நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஆளிடம் கதைத்துக்கொண்டு நின்றோம். நான் மிச்சக் காசு தேடிக்கொண்டிருந்த நேரம் ஒருவர் வந்து ஒடியல் மா, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மா, அந்தப் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், அவர் மொத்தமாக எடுக்கிறவர் என்று பக்கத்து ஸ்டோல்காரர் பிறகு சொல்லித்தான் தெரியும். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

வாசலில் அந்தக் கிண்ணியாப் பொடியனை விடு. சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவான், கொழும்பில் பாதிப்பேர் கருவாட்டைச் சிங்களத்தில் "கரவல" என்று கேட்டுத்தான் வருவார்கள். ஆனால் விலை குறைக்கிற வேலை அவனுக்கு வேண்டாம், அதை நீ மட்டும் சொல். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அவனை அங்கே நிறுத்தாதே, சிரித்துச் சிரித்தே முகம் செத்துவிடும். காசுப் பெட்டி மாமியின் மகளிடம். வாய் திறக்கமாட்டாள், கணக்கில் கெட்டி, அந்தக் கதிரைக்கு அதுதான் தேவை.

ஓடர் எழுதுவதற்கு வேறு ஆள், காசு வாங்குகிறவளே அதையும் எழுதினால் இரண்டும் கெடும். விசிட்டிங் கார்ட் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை, யார், என்ன கருவாடு, எத்தனை கிலோ, எப்போது வேண்டும் என்று அந்த ஆள் நிற்கும்போதே கொப்பியில் எழுதவேண்டும். இரவு ரூமுக்குப் போய் யோசித்து எழுதினால் மூன்று கடைக்காரரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு ஆள் மாற்றி ஆள் போகட்டும். பின்னால் பெட்டி உடைக்க சின்னவன் போதும். முகர்ந்து பார்க்க ஒரே ஒரு பைக்கற்றை மட்டும் திறந்து வை, ஏசிக்குள் கருவாட்டு மணம் பரவினால் பக்கத்து ஸ்டோல்காரர் சண்டைக்கு வருவார்.

உனக்கு ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதே. நீ சும்மா நின்றால்தான் மொத்தமாக எடுக்கிறவர் வந்தால் உட்கார வைத்துக் கதைக்கலாம். யாராவது டேப் ஒட்டத் தடுமாறினால் உன் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும், என் கையும் அப்படித்தான், ஆனாலும் கத்தரிக்கோலைத் தொடாதே.

பத்துப் பெட்டி இரவுக் கோச்சியில் வருகிறது. கோட்டை ஸ்டேஷனில் இறக்க யார் வருவது என்று நாளைக்குள் சொல். "யாராவது வருவோம்" என்று சொல்லாதே, ஆளின் பெயரைச் சொல்.

அம்மா