லாரி நோட்டும் பொன்னாடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 17, உலக வறுமை ஒழிப்பு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்தேன். ஒரு பேராசிரியர், ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, தொண்டு நிறுவனம் நடத்தும் ஒருவர் எழுதியிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே எழுதியிருந்தார்கள். நடுப்பக்கத்தில் குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம் போட்டிருந்தீர்கள். அந்தப் பெண் எழுதியதாகவோ சொன்னதாகவோ ஒரு வரிகூட இல்லை. குடம் பிடிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த அக்டோபர் 17 எங்கிருந்து வந்தது என்று என் மகளைப் போனில் தேடச் சொன்னேன். 1987இல் ஜோசப் ரெசின்ஸ்கி என்ற பாதிரியார் அழைத்து, பாரிஸில் ட்ரோக்கடேரோ என்ற இடத்தில் பெருங்கூட்டம் கூடிய நாளாம். ஐ.நா. சபை 1992இல் அதையே உலக நாளாக அறிவித்திருக்கிறது. அந்தப் பாதிரியார் சின்ன வயதில் ஏழ்மையை அனுபவித்தவர். இதை மூன்று கட்டுரைகளில் ஒன்றாவது சொல்லியிருக்கலாம். பட்டவர் ஆரம்பித்து வைத்த நாளில் படித்தவர்கள் மட்டும் பேசினால் எப்படி?

நான் கொருக்குப்பேட்டையில் பிறந்து, நாலு தெரு தள்ளி வாக்கப்பட்டவள். எட்டாவது வரை படிப்பு. இருபது வருஷம் வீட்டு வேலை பார்த்தேன். இப்போது காலையில் வாசலில் இட்லிக் கடை போடுகிறேன். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். தினம் ஒரு நடை, காலை ஆறு மணிக்கு என்பது கணக்கு. கணக்கு மட்டும்தான் அப்படி. ஒரு நாள் ஏழரைக்கு வரும், ஒரு நாள் பத்துக்கு வரும், ஒரு நாள் வரவே வராது. வேலைக்குப் போகிற பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது குடம் வரிசையில் இருக்காது.

புகார் கொடுத்துப் பார்த்தோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். "பாரும்மா, தினமும் ஒரு நடை எழுதியிருக்கு." எழுதியிருந்தது உண்மை. சரி, நாமும் எழுதுவோம் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். ஒன்பதாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் எழுதினாள். எழுதத் தெரியாத ஆயா ஒருவர் மளிகைக் கடை காலண்டரில் லாரி வந்த நாளுக்குக் கண்மையால் ஒரு பொட்டு வைத்தார். வராத நாள் வெறும் கட்டமாக நின்றது. இரண்டு மாதம் கழித்து நோட்டையும் காலண்டரையும் வைத்துப் பார்த்தபோது ஒரு நாள்கூட வித்தியாசம் இல்லை.

லாரி வராத கதை அந்த நோட்டில் இருக்கும் என்று தெரிந்துதான் எழுதினோம். ஏன் வரவில்லை என்பதும் அதில் இருந்ததுதான் ஆச்சரியம். எங்கள் பக்கத்து ரயில்வே கேட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூட்ஸ் வண்டி போகிற நேரமென்றால் மூடின கேட் சீக்கிரம் திறக்காது. பைக்குகள் குறுக்கே நுழையும், ஆட்டோக்காரர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். லாரி தாமதமான நாட்களில் பாதிக்கு மேல் கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட நாட்கள். நோட்டைப் பார்த்து இதைச் சொன்னது கேட் ஓரத்தில் பூ கட்டும் எங்கள் தெருப் பெண். டிரைவர் மேல் எங்களுக்கு இருந்த கோபம் அன்றைக்கே பாதி குறைந்தது. முதல் நடையை எங்கள் பக்கமும் இரண்டாவது நடையைக் கேட்டுக்கு அந்தப் பக்கமும் மாற்றிப் போட்டால் போதும், கூடுதலாக ஒரு லாரிகூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். "ரூட்டெல்லாம் நீங்க பேசாதீங்கம்மா, அது எங்க வேலை" என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து லாரி விடியற்காலை நாலரை மணிக்கே வர ஆரம்பித்தது. நாங்கள் சொன்ன அதே மாற்றம். யார் சொல்லி மாற்றினார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. சரி, தண்ணீர் வந்ததே!

அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. நோட்டைப் படம் பிடித்தார்கள். ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு வைத்து என்னையும் பூக்காரப் பெண்ணையும் அழைத்தார்கள். மேடையில் ஏறி, லாரி எந்த வழியாக வருகிறது என்று நான் ஆரம்பித்தேன். நடத்திய தம்பி மரியாதையாகத்தான் குறுக்கிட்டார். "அக்கா, அதெல்லாம் அப்புறம் நிபுணர்கள் பேசுவாங்க. உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க." ஆக, என் கஷ்டம் வேண்டும், அதிலிருந்து நான் கண்டுபிடித்தது வேண்டாம். பூக்காரப் பெண் கெட்டிக்காரி. "எங்க வூட்டுக் கஷ்டம் எங்க வூட்டோட இருக்கட்டும், கேட்டைப் பத்திக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு இட்லிக் கடை போச்சு, அவளுக்கு முகூர்த்த நாள் பூ வியாபாரம் போச்சு. அந்தப் பொன்னாடை இப்போது என் மிக்ஸியை மூடியிருக்கிறது.

எங்களுக்காக வெளியாட்கள் பேசுவது எங்கள் வட்டாரத்தில் புதிதில்லை. 1918இல் பின்னி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தபோது பி.பி.வாடியா தலைவரானார். திரு.வி.க. கூட நின்றார். மில்லுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தான். அன்றைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள், மறுக்கவில்லை. நூறு வருஷம் கழித்தும் எங்களுக்காக வேறு யாராவது பேசத்தான் வேண்டுமா? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்களே, பெரும்பாலும் பெண்கள், அவர்கள் பேசியதை டி.வி.யில் கேட்டீர்களா? குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்தால் சம்பளம் எவ்வளவு குறையும் என்று கணக்கை விரல்விட்டுச் சொன்னார்கள். நிபுணர் என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடி ஒன்று சரிந்தது. 24 வீடுகள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், சுவரில் விரிசலைப் பார்த்த குடியிருப்புக்காரர்கள் இடிவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார்கள். அந்தச் சுவரைத் தினமும் பார்த்தது அவர்கள்தானே.

வடசென்னையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தபோதும் வீட்டின் சதுர அடியைத்தான் எல்லோரும் பேசினார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும், அந்த நேரத்துக்கு ஊரின் தென்கோடியிலிருந்து எந்த பஸ்ஸில் வருவது என்று கூடைக்காரம்மா ஒருவர் முதல் கூட்டத்திலேயே கேட்டிருப்பார். கேட்க விட்டிருந்தால்.

இதில் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு "தெருவே சொல்லுது" என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் கால்வாய் ஓரமாக இருக்கும் ஐந்து குடும்பங்கள் அதில் இல்லை. அவர்களுக்கு லாரி வரிசையில் இடமே கிடையாது. எங்களிடமிருந்தே குடம் ஐந்து ரூபாய்க்கு வாங்குகிறார்கள். நானும் விற்றிருக்கிறேன். அங்கிருக்கும் ஒரு பெண் ஒரு நாள் கடையில் இட்லி வாங்கிக்கொண்டே, "யக்கா, உங்க நோட்டுல எங்களுக்கு எத்தினி பக்கம்?" என்று கேட்டாள். நான் சில்லறை தேடுவது போலக் குனிந்துகொண்டேன். ஏழை என்று ஒரே பேர் வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் மேடு பள்ளம் தெரியாது. 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களே ஆதி திராவிடர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிளந்து புளியந்தோப்பு எரிந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. பட்டவர்கள் தலைமைக்கு வர வேண்டும் என்று கேட்கிற நான், எந்தப் பட்டவர் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்குப் போன ஜோக்கின் அற்புதம் இந்த விஷயத்தில் பெரிய ஆள். குடிசைவாசிகளைத் தேசிய அளவில் ஒரே கூட்டமைப்பாகச் சேர்த்தவர், 2018இல் காலமானார். மும்பை பைகுல்லா நடைபாதையில் குடியிருந்த பெண்கள் கட்டிய மகிளா மிலன் என்ற அமைப்போடு சேர்ந்து வேலை செய்தவர். தங்கள் குடிசைகளைத் தாங்களே வீடு வீடாக எண்ணிக் கணக்கெடுப்பதுதான் அவர்கள் கையிலிருந்த ஆயுதம். எண்ணப் போகிறவர் தெருமுனை வரை நடந்துதான் ஆக வேண்டும். நாங்கள் நோட்டை வீட்டு வாசலிலேயே வைத்து எழுதினோம், அங்கேதான் கோட்டை விட்டோம்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, அந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு பேர் வியாபாரிகளாகவே, வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் வார்டுப் பிரச்சினைகளைப் பேச வார்டு கமிட்டியும் பகுதி சபாவும் வந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் கமிட்டி உறுப்பினர்கள் நியமனம்தான், தேர்தல் இல்லை. விற்பனைக் குழுவுக்கு உள்ள அந்த 40ஐ இங்கேயும் எழுதினால் என்ன கெட்டுவிடும்? கூட்டத்தை வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வைத்துவிட்டு "பெண்கள் வருவதில்லை" என்று எழுதிக்கொள்வதை முதலில் நிறுத்தட்டும். ஞாயிறு சாயங்காலம் வைக்கட்டும். வருகிறவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்கட்டும். நிபுணருக்குக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள்தானே. பேசியது என்ன, முடிவானது என்ன என்று தமிழில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டட்டும். ரூட் நாலரைக்கு மாறியது யார் சொல்லி என்று அப்போது யாரும் தேட வேண்டியதில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிறப்பிதழ் போடும்போது மூன்று கட்டுரைகளில் ஒன்றை எங்களில் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர் பேரையே போடுங்கள். சம்பவத்தை மட்டும் கேட்காதீர்கள், யோசனையையும் கேளுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் சன்மானத்தைக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது நோட்டு போட்டாகிவிட்டது. இந்த முறை கால்வாய் ஓரத்துப் பெண்தான் வைத்திருக்கிறாள், அவள் பையன் எழுதுகிறான். அடுத்த கூட்டம் புதன்கிழமை பதினோரு மணிக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். அவள்தான் போகிறாள். கைக்குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இட்லிக் கடை வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை – 21